வாசகர் கேள்வி–பதில்: அடம்பங்கொடி முதல் ஆவுளியா வரை

ராமநாதபுரம் கடற்கரையின் செடிகொடிகள், உயிரினங்கள் பற்றி வந்த கடிதங்களில் எட்டுக்கு இந்த இதழில் பதில். ஒரே கேள்வியைப் பல பேர் கேட்டிருந்தால் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம். பதில்களில் வரும் தீவுகள் எல்லாம் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. ராமேஸ்வரம் பக்கம் தொடங்கித் தூத்துக்குடி வரை 21 தீவுகள். 1986-ல் பூங்காவாக அறிவிக்கப்பட்டன.

வாலிநோக்கம் பக்கம் கடலைப் பார்த்தாற்போல அரை ஏக்கர் பட்டா நிலம் இருக்கிறது. முன்னால் ஆள் உயரத்துக்கு மணல்மேடு. அதன் மேல் அடம்பங்கொடியும் முள்ளுமுள்ளாக ஒரு புல்லும் மட்டும்தான். ஜேசிபி விட்டுச் சமப்படுத்திச் சவுக்கு வைத்தால் காற்றுக்கு அணைப்பாக இருக்கும் என்கிறார்கள். செய்யலாமா?
— வாசகர், சாயல்குடி

செய்யாதீர்கள். முதலில் சட்டம். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 2011-லும் 2019-லும் மணல்மேடுகளை மிகக் கடுமையான பாதுகாப்புள்ள முதல் வகைப் பகுதியில் வைத்திருக்கிறது. பட்டா உங்கள் பெயரில் இருப்பதால் மேட்டை வெட்டிவிட முடியாது.

சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் கணக்கு உதைக்கிறது. அந்த மேடு அங்கே நிற்பதே, நீங்கள் ‘மட்டும்தான்’ என்று எழுதிய அந்த இரண்டு செடிகளால். நீங்கள் சொல்லும் முள்ளுப் புல் ராவணன் மீசை. அதன் விறைத்த இலைகளில் மோதிக் காற்று வேகம் குறைகிறது. வேகம் குறைந்த காற்று சுமந்துவந்த மணலை அங்கேயே போட்டுவிடுகிறது. மணல் மூட மூடச் செடி மேலே ஏறி, மூடிய கணுவில் புது வேர் விடுகிறது. வேறு செடியாக இருந்தால் மூடிய மணலில் மூச்சுமுட்டிச் செத்திருக்கும். இது புதைத்தால்தான் செழிக்கிறது. இதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் பூங்கொத்து காய்ந்ததும் முள்பந்தாகக் கழன்று காற்றில் கரை நெடுக உருளும். எங்கே சிக்கி நிற்கிறதோ அங்கே விதையை உதிர்க்கும். குழந்தைகள் காலில் குத்துகிறது என்று அந்தப் பந்துகளைக் கூட்டிக் கொளுத்துவது பல ஊர்களில் வழக்கம். கொளுத்தினால் அடுத்த ஆண்டு மேட்டுக்கான விதை போயிற்று.

அடம்பு கடல் பக்கத்து விளிம்பைப் பிடித்துக்கொள்கிறது. ஆட்டுக் குளம்பு மாதிரி நுனி பிளந்த தடித்த இலை, ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூ. பூ காலையில் விரிந்து உச்சி வெயிலுக்குப் பிறகு வாடிவிடும். ஒரே கொடி பல மீட்டர் ஓடும். ஓடும் வழியெல்லாம் கணுவுக்குக் கணு வேர். அலை வந்து முன்பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போனாலும், பின்னால் வேர்விட்ட துண்டு தனிச்செடியாகப் பிழைத்துக்கொள்ளும்.

சவுக்கு காற்றைத் தடுக்காது என்று சொல்லவில்லை. தடுக்கும். ஆனால் அதன் சருகு கனமாகப் படிந்து கீழே ஒரு கொடியையும் தலையெடுக்க விடாது. கொடி இல்லாத மணலில் புயல் அலை நேரே வந்து அடிவேரை அரிக்கும். முன்வரிசை மரங்கள் வேரோடு சாய்ந்து மணலையும் பெயர்த்துக்கொண்டு போகும். ஆமை ஏறிவந்து குழி தோண்டவும் அந்த வேர்க்காடு இடம் தராது. மரம் வேண்டும் என்றால் மேட்டுக்குப் பின்னால், வீட்டுப் பக்கம் வையுங்கள். அங்கேயும் பனை, பூவரசு, புன்னைதான் எங்கள் தேர்வு.

மேட்டில் எங்காவது கொடி அற்று மணல் பறந்தால், செய்யவேண்டியது இது. ஐப்பசி மழை இரண்டு முறை நன்றாகப் பெய்து மணல் ஒரு சாண் ஆழத்துக்கு நனைந்த பிறகு, அதே கரையில் அடர்ந்து கிடக்கும் அடம்பில் முற்றிய கொடியாகப் பார்த்து முழ நீளத் துண்டுகள் வெட்டுங்கள். துண்டுக்கு மூன்று நான்கு கணு இருக்க வேண்டும். நுனித்தளிர் வேண்டாம், வாடிவிடும். இரண்டு கணுவாவது மணலுக்குள் நான்கு விரற்கடை ஆழத்தில் போகும்படி படுக்கவைத்துப் புதைத்து, நுனியை வெளியே விடுங்கள். ஒரு மீட்டர் இடைவெளி, வரிசை மாற்றி வரிசை. வெட்டிய அன்றே நட்டுவிட வேண்டும். முடியாவிட்டால் ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் ஒரு நாள் வைக்கலாம். விதையிலிருந்து வளர்ப்பதானால் விதையோட்டை உப்புத்தாளில் ஓரிடத்தில் தேய்த்து உள்நிறம் தெரிந்ததும் ஓர் இரவு தண்ணீரில் போடுங்கள். தேய்க்காத விதை மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். ராவணன் மீசையையும் கணுவுள்ள ஓடுகொடியாகவே நடலாம். கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

நட்ட இடத்துக்கு முன்னால் பனைமட்டையால் இடுப்பளவு வேலி ஒன்று, கச்சான் காற்றுக்குக் குறுக்காக. மட்டைக்கும் மட்டைக்கும் நடுவே பாதிக்குப் பாதி இடைவெளி இருக்கட்டும். நெருக்கி அடைத்தால் மணல் படியும் என்று நினைப்பார்கள், நடப்பது தலைகீழ். அடைத்த வேலியில் மோதிய காற்று சுழன்று அடிமணலைத் தோண்டி வேலியையே சாய்க்கும்.

இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, “வெறும் மணலில் எப்படி வளரும்” என்று செம்மண்ணும் எருவும் கொட்டுவது. அதில் அடம்பை விட அருகும் களையும்தான் வேகமாக வரும். இரண்டு, கடலுக்குப் போகும் நடைபாதையை மேட்டின் குறுக்கே நேராக வெட்டுவது. காற்று அந்த வாய்க்காலில் புகுந்து ஒரே பருவத்தில் மேட்டை இரண்டாக்கிவிடும். பாதை ஒன்றே ஒன்று இருக்கட்டும். அதுவும் காற்றுக்கு எதிரே வாய் திறக்காமல் சாய்வாகப் போகட்டும்.

வீட்டு மாடி விளக்கைப் பார்த்து ஆமைக்குஞ்சுகள் தெருவுக்கு வந்துவிட்டன. வாளித் தண்ணீரில் போட்டுக் காலையில் கடலில் விட்டோம். சரிதானே?
— வாசகி, புதுமடம்

மனசு சரி, முறை தவறு. குஞ்சு பொரிந்ததும் அதற்கு இருக்கும் தெம்பு கொஞ்சம்தான். கரையைத் தாண்டி ஆழத்துக்கு நீந்திப்போக அது வேண்டும். வாளித் தண்ணீரில் இரவெல்லாம் நீந்தினால் அந்தத் தெம்பு அங்கேயே தீர்ந்துவிடும். காலையில் விட்டால் காகமும் மீனும் காத்திருக்கும்.

ஈர மணல் பரப்பிய வாளியில் போட்டு, மேலே ஈரத்துணி மூடி, விளக்கெல்லாம் அணைத்துவிட்டு உடனே அலை விளிம்புக்குச் சில அடி முன்னால் மணலில் இறக்கிவிடுங்கள். தானாக நடந்து போகட்டும். விடிந்த பிறகு கண்ணில் பட்டவற்றை நிழலில் வைத்திருந்து பொழுது சாய்ந்ததும் விடலாம். வனத்துறைக்குச் சொல்லிவிட்டுச் செய்வது நல்லது.

உங்கள் கரையில் ஏறுவது பெரும்பாலும் பங்குனி ஆமை. தை முதல் பங்குனி வரை முட்டையிடும். ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேலும் இருக்கும். பொரிய 45 முதல் 60 நாள். குழியைக் கண்டால் நீங்களே தோண்டி எடுக்காதீர்கள். இட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் மேற்பக்கத்தில் ஒட்டிக்கொள்கிறது. அதற்குப் பிறகு முட்டையைப் புரட்டினால் கரு பிய்ந்து செத்துவிடும். பொரிப்பகத்துக்கு எடுத்துப்போகிறவர்கள் விடியும் முன்பே, மேல்பக்கம் மேலாகவே பிடித்து எடுத்துப்போவது இதனால்தான். குழியின் சூடும் முக்கியம். 29–30 டிகிரியை ஒட்டி ஆண், பெண் கலந்து வரும். அதைத் தாண்டினால் பெரும்பாலும் பெண். அதனால் பொரிப்பகத்துக்கு மேலே கீற்று போட்டிருப்பதைப் பிரிக்காதீர்கள்.

மாடி விளக்கு: கடலைப் பார்த்த பக்கம் வேண்டவே வேண்டாம். தவிர்க்க முடியாவிட்டால் மேலே மூடிபோட்டுத் தரையைப் பார்த்துத் திருப்பி, வெள்ளை பல்புக்குப் பதில் ஆரஞ்சு நிற பல்பு.

வாடைக் காற்று அடிக்கும்போது கரையில் கடல்தாழை மலையாகக் குவிகிறது. நாற்றம் தாங்காமல் எரிக்கிறோம். இதைத்தான் ஆவுளியா தின்னும் என்கிறார்களே, உண்மையில் எங்கள் பக்கம் ஆவுளியா இருக்கிறதா?
— வாசகர், திருப்பாலைக்குடி

இருக்கிறது. பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் ஆவுளியா என்ற கடல்பசு உண்டு. அது இருப்பதற்குக் காரணம் நீங்கள் எரிக்கும் அந்தத் தாழை.

கடல்தாழை பாசி இனம் இல்லை. வேர், தண்டு, இலை, பூ, காய், விதை எல்லாம் உள்ள முழுச்செடி, கடலுக்கடியில் பூப்பது. உங்கள் பக்கத்துக் கடலில் பத்து வகைக்கு மேல் இருக்கின்றன. ஒதுங்கியதைக் கையில் எடுத்துப் பார்த்தால் பிரித்துவிடலாம். விரல் அகலத்தில் நாடா மாதிரி, ஒரு மீட்டர் வரைகூட நீண்ட இலை, அடித்தண்டைச் சுற்றிக் குதிரைமயிர் போல் கறுத்து விறைத்த நார் இருந்தால் அது எனாலஸ். அந்த நார் பழைய இலைகளின் நரம்பு. இலை அழுகின பிறகும் அழுகாமல் நிற்கிறது. இதன் ஆண்பூ பொடிப்பொடியாகக் கழன்று நீர்மேல் மிதந்து, நீர்மட்டத்துக்கு எட்டி நிற்கும் பெண்பூவை அடைகிறது. உருண்டு நூல் மாதிரி இருந்தால் சிரிங்கோடியம். எதிரெதிராகக் குட்டி முட்டைவடிவ இலை இருந்தால் ஹாலோஃபிலா.

ஆவுளியாவுக்குப் பிடித்தது நீளமான எனாலஸ் அல்ல. ஹாலோஃபிலா, ஹாலோடுலே போன்ற மெல்லிய வகைகள். மேல்உதட்டால் வேரோடு பெயர்த்துத் தின்னும். நாளைக்கு 30–40 கிலோ வரை. தின்ற தடத்தில் ஒரு சாண் அகலத்துக்குச் சேறு தெரியக் கோடு கிடக்கும். தெளிந்த நாளில் வள்ளத்திலிருந்தே பார்க்கலாம். அந்த வகைகள் வேகமாகப் பரவி அந்தக் கோட்டை மூடிவிடும். இழுவலையின் பாரம் உழுத தடம் அப்படி மூடாது. மண்ணடித் தண்டே நைந்துபோகிறது, கலங்கிய சேறு மிச்சச் செடிக்கும் வெயிலை மறைக்கிறது.

குட்டி ஈனுவது மூன்று முதல் ஏழு ஆண்டுக்கு ஒருமுறை. கர்ப்பம் ஓராண்டுக்கு மேல். அதனால் வலையில் ஒன்று செத்தாலும் ஈடுகட்டப் பல ஆண்டு பிடிக்கும். 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர் கடல், நாட்டின் முதல் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. உங்கள் மாவட்டம் அந்த எல்லைக்குள் வரவில்லை; ஆவுளியாவுக்கு மாவட்ட எல்லை தெரியுமா என்ன?

வலையில் மாட்டினால் முதல் வேலை மூக்கைத் தண்ணீருக்கு மேலே கொண்டுவருவது. அது சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு விடும் பிராணி. அமிழ்ந்தால் மூழ்கிச் சாகும். வலையைத் தலைப்பக்கம் முதலில் அறுங்கள். வாலில் கயிறு கட்டிப் படகோடு இழுக்காதீர்கள், படகில் ஏற்றாதீர்கள். குட்டி பக்கத்தில் சுற்றும், அதைக் கண்ணில் வைத்துக்கொள்ளுங்கள். விட்ட இடம், நேரம், முடிந்தால் செல்போன் படம் — வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

குவிந்த தாழை அலையின் வேகத்தை வாங்கிக்கொண்டு கரையைக் காக்கிறது. அதற்குள் இருக்கும் பூச்சிகளைத் தேடித்தான் உள்ளான்கள் வருகின்றன. வள்ளம் இழுக்கிற இடத்தில் மட்டும் வாரி, அலை ஏறுகிற மட்டத்துக்கு மேலே ஓரமாகக் கொட்டுங்கள், போதும். தோட்டத்துக்கு எருவாக்க விரும்பினால் ஒரு மழைக்காலம் முழுக்க வெளியில் குவித்துவைத்து உப்பு கழுவியபின் போடுங்கள். பச்சையாகப் போட்டால் கத்தரியும் மிளகாயும் கருகும்.

பாம்பன் கடற்கரையில் ஒதுங்கிய பவளக்கல்லும் கடல்விசிறியும் ஷோகேஸில் வைக்க எடுத்துவந்தேன். செத்ததுதானே?
— வாசகர், பரமக்குடி

செத்ததும் சேர்த்திதான். பவளம், கடல்விசிறி, கடல்குதிரை, கடல் அட்டை எல்லாம் 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்துவிட்டன. புலிக்கு என்ன சட்டமோ இதற்கும் அதுவே. கடையில் காசு கொடுத்து வாங்கியது என்பதும் எடுபடாது.

குருசடைத் தீவில் வளரும் பெம்பிஸ் என்ற செடி போன்சாய்க்கு அருமையாக வரும் என்று யூடியூபில் பார்த்தேன். ஒரு கன்று கிடைக்க வழி உண்டா?
— வாசகர், ராமநாதபுரம்

தீவிலிருந்து கிடைக்க வழி இல்லை, இருக்கவும் கூடாது. தேசியப் பூங்காவிலிருந்து ஒரு கிளையைக்கூட எடுத்துவர முடியாது. தீவில் அனுமதி இல்லாமல் கால்வைப்பதே குற்றம்.

போன்சாய் ஆட்களுக்கு அதன்மேல் ஆசை வருவது புரிகிறது. பவளச்சல்லி தவிர மண்ணே இல்லாத விளிம்பில், உப்புத் தெறிப்பில், ஆண்டுக்கணக்கில் நின்று முறுக்கேறிய தண்டு. மரம் இரும்பு, சில தீவு நாடுகளில் கைத்தடிக்கும் கருவிப் பிடிக்கும் இதைத்தான் தேடுவார்கள். ஆனால் வேரைப் பவளக்கல் இடுக்கில் விட்டிருக்கும் மரத்தைப் பெயர்த்தால் பாதி வேர் கல்லோடு நின்றுவிடும். பெயர்த்தவற்றில் பெரும்பங்கு பிழைக்காது.

தமிழ்நாட்டில் மன்னார் வளைகுடாத் தீவுகளை விட்டால் இதைப் பார்ப்பது அரிது. அந்தமானிலும் லட்சத்தீவிலும் உண்டு. அனுமதி பெற்றுக் குருசடைக்குச் சூழல் சுற்றுலா போனால் இப்படி அடையாளம் பாருங்கள்: ஆள் உயரப் புதர், சாம்பல் பூத்த சின்னஞ்சிறு சதைப்பற்று இலை, தடவினால் பட்டுப்போன்ற மயிர். பூ வெள்ளை, கசங்கிய காகிதம் போல ஆறு இதழ். பூவுக்குள் உற்றுப் பாருங்கள். ஒரு மரத்தில் சூலகமுடி மகரந்தப்பைகளுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். இன்னொரு மரத்தில் அவற்றுக்குக் கீழே ஒளிந்திருக்கும். நெட்டை முடியும் குட்டை முடியும் மாறி மாறிக் கலந்தால்தான் விதை நன்றாகப் பிடிக்கும். ஒரு சின்னத் தீவில் பத்து மரம் இருந்து, அதில் ஒரு வகையை ஆசைக்கு வெட்டிவிட்டால், மீதி மரங்கள் பூக்கும்; காய்ப்பது குறையும். எண்ணிக்கையைப் பார்த்து “இன்னும் நிறைய இருக்கிறதே” என்று சொல்ல முடியாதது இதனால்தான்.

போன்சாய்க்கு உகாய் நல்லது. உங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் விதை கிடைக்கும்; உப்புத் தண்ணீருக்கும் அசராது.

மகன் தென்இங்கிலாந்தில் இருக்கிறான். அங்கே சுண்ணாம்புப் பாறைமேல் உள்ள புல்வெளியை வேலிபோட்டு, ஆடு மேயவிட்டுக் காப்பாற்றுகிறார்கள் என்கிறான். ஆடு மேய்ந்தால் செடி அழியாதா? நம் தீவுகளும் சுண்ணாம்புதானே, இங்கேயும் ஆடு விடலாமா?
— வாசகி, கீழக்கரை

அங்கே ஆடு மருந்து, இங்கே நஞ்சு. காரணம் மண்ணிலேயே இருக்கிறது.

அங்குள்ள வெண்சுண்ணாம்பு, கிரிடேசியஸ் காலக் கடலில் நுண்ணுயிர்களின் ஓடுகள் படிந்து இறுகியது. நம் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லும் அந்தக் காலத்துக் கடல்தான். பாறைமேல் அங்கே ஒரு சாண்கூட மண் இல்லை. நீர் நிற்காது, மணிச்சத்து சுண்ணாம்பில் கட்டுண்டு கிடக்கும். சத்து இல்லாத இடத்தில் எந்தப் புல்லும் கொழுத்து மற்றதை அமுக்க முடியாது. அதனால் ஒரு சதுர மீட்டருக்குள் 40 வகைச் செடி வரை நெருங்கி வாழ்கின்றன. தேனீயைப் போலவே பூக்கும் ஆர்க்கிட், துளசியின் உறவான தைம், குதிரைலாட வடிவக் காய் காய்க்கும் பயறுவகைக் கொடி. அந்தக் கொடி இல்லாவிட்டால் அடோனிஸ் நீலம் என்ற பட்டாம்பூச்சியின் புழுவுக்குச் சோறே இல்லை.

இது இயற்கையாக நிற்கும் புல்வெளி அல்ல. பல நூற்றாண்டு ஆடு மேய்ந்து உண்டானது. மேய்ச்சலை நிறுத்தினால் முதலில் முரட்டுப் புல், பிறகு முள்புதர், கடைசியில் காடு. ஆடு விட முடியாத இடத்தில் கோடைக் கடைசியில் புல்லறுத்து, அறுத்ததை ஒரு துரும்பு விடாமல் வெளியே எடுத்துப்போகிறார்கள். அங்கேயே மக்கவிட்டால் மண்ணுக்குச் சத்து ஏறும். சத்து ஏறினால் முரட்டுப் புல் ஜெயிக்கும்.

புல்லின் உயரம் எவ்வளவு நுட்பமான விஷயம் என்பதற்குப் பெரிய நீலப் பட்டாம்பூச்சியே சாட்சி. அதன் புழு முதலில் தைம் பூவைத் தின்னும். பிறகு ஒருவகைச் சிவப்பு எறும்பு அதைத் தன் குஞ்சென்று நினைத்துப் புற்றுக்குத் தூக்கிப்போகும். மாதக்கணக்கில் அங்கே எறும்புக் குஞ்சுகளைத் தின்று வளரும். 1950-களில் நோய் வந்து காட்டுமுயல்கள் செத்தன. மேய ஆளில்லாமல் புல் சில சென்டிமீட்டர் கூடுதலாக வளர்ந்தது. நிழலில் தரை குளிர்ந்தது. சூடான தரை கேட்கும் அந்த எறும்பு போயிற்று, பின்னாலேயே பட்டாம்பூச்சியும். 1979-ல் பிரிட்டனில் அற்றுப்போனதை, காரணம் கண்டுபிடித்தபின் 1980-களில் சுவீடனிலிருந்து கொண்டுவந்து மீட்டார்கள். அதற்கு முன்னால் வேலிபோட்டு ஆட்களையும் ஆடுகளையும் வெளியே வைத்துக் ‘காப்பாற்றிய’ இடங்களில்தான் அது இன்னும் வேகமாக அழிந்தது.

நம் தீவும் சுண்ணாம்புதான். ஆனால் பவளச்சல்லியும் சிப்பித்தூளும் கலந்த, இறுகாத சுண்ணாம்பு. ராமேஸ்வரத்தில் தரைக்கு மேல் தெரியும் பவளப்பாறைக்கே வயது சில ஆயிரம் ஆண்டுகள்தான். அங்கே ஆட்டுக்குளம்பு கெட்டியான தரையை மிதிக்கிறது. இங்கே மிதித்தால் கொடி அறுந்து மணல் விடுபட்டுப் பறக்கும். நம் கரையைத் திறந்தவெளியாக வைத்திருப்பது உப்பும் காற்றும். அந்த வேலைக்கு ஆடு தேவையில்லை.

தனுஷ்கோடிக்குப் பூநாரை எப்போது வரும்? படம் எடுக்க எது நல்ல நேரம்?
— வாசகர், மதுரை

மழை ஓய்ந்து தண்ணீர் தேங்கிய பிறகு, மார்கழியிலிருந்து மாசி வரை நம்பிப் போகலாம். காலை எட்டரைக்குள் முடித்துவிடுங்கள். வெயில் ஏறினால் கானலில் படம் நடுங்கும். இங்கே ஏற்றவற்றம் குறைவு. தண்ணீர் எங்கே நிற்கும் என்பதைக் காற்றே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. நேற்று பார்த்த இடத்தில் இன்று இல்லையென்றால் ஆழம் குறைந்த அடுத்த தேக்கத்தைப் பாருங்கள்.

பறவை தலையைக் கவிழ்த்து அலகால் தண்ணீரை வடிகட்டிக்கொண்டிருந்தால் நீங்கள் நிற்கும் தூரம் சரி. கூட்டமாகத் தலை நிமிர்த்தி ஒரே பக்கமாக நடக்கத் தொடங்கினால் நெருங்கிவிட்டீர்கள், பின்வாங்குங்கள். 2025 ஜூனில் அந்தப் பகுதி பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருப்பதால் ட்ரோனை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். கூட்டத்தோரம் கறுப்பும் வெள்ளையுமாக, தடித்த கறுப்பு அலகோடு ஒரு பறவை நண்டு பிடித்தால் அதையும் படமெடுங்கள். அது நண்டுண்ணி, பூநாரையை விட அரிது.

பஞ்சாயத்து நிலத்தில் சீமைக் கருவேலம் எடுக்கிறோம். எடுத்தது திரும்பத் திரும்ப முளைக்கிறது. அதற்குப் பதில் என்ன வைக்கலாம்?
— இளைஞர் மன்றம், தேவிபட்டினம்

முதலில் எதை எடுக்கிறீர்கள் என்று பாருங்கள். இந்த மாவட்டத்தில் சீமைக் கருவேலம் என்று நினைத்து உடைமரத்தை வெட்டுவது சர்வசாதாரணமாக நடக்கிறது. உடை தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் மட்டுமே உரிய மரம். வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. தூரத்திலிருந்தே தெரியும்: உச்சி தட்டையாக, விரித்த குடை. கிட்டே போனால் நீண்ட வெள்ளை முள்ளும் குட்டையாக வளைந்த முள்ளும் ஒரே கிளையில் கலந்திருக்கும். பூ வெள்ளை உருண்டை, காய் சுருண்டு முறுக்கியிருக்கும். சீமைக் கருவேலத்தில் பூ விரல்நீள மஞ்சள் கதிர்; காய் நீளமான வைக்கோல்நிற நெற்று, வாயில் போட்டால் இனிக்கும். பூவோ காயோ இல்லாத சமயத்தில் சந்தேகம் வந்தால் அந்த மரத்தில் சாக்குத்துணி கட்டிவிட்டு அடுத்த பூப்பு வரை பொறுங்கள்.

திரும்ப முளைப்பதற்குக் காரணம் வெட்டும் உயரம். தூரில், மண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே மொட்டுகள் உறங்குகின்றன. கரிமூட்டத்துக்கு வெட்டுகிறவர்கள் மண்மட்டத்தோடு வெட்டுவார்கள். அவர்களுக்கு மறுபடி தழைய வேண்டும், அதனால் அது சரி. உங்களுக்கு மரம் சாக வேண்டும். தூரைச் சுற்றி ஒரு அடிக்குமேல் ஆழம் தோண்டி வேர்த்தலையோடு எடுங்கள். அடியில் போகும் ஆணிவேர் அறுந்து கிடந்தால் பரவாயில்லை. நெற்று பழுக்கும் முன்பே எடுங்கள். பழுத்தபின் ஜேசிபி ஓட்டினால் விதையை மண்ணுக்குள் நட்டுக்கொடுத்த மாதிரி. எடுத்த நிலத்துக்குள் நெற்று தின்ற ஆடுகளை விடாதீர்கள். புழுக்கையோடு விதை வந்து விழும். மழைக்குப் பின் மண் ஈரமாக இருக்கும்போது நாற்றுகளைக் கையால் பிடுங்கும் வேலை, ஆண்டுக்கு இரண்டு முறை, சில ஆண்டுகள் விடாமல் நடக்க வேண்டும். முதல் ஆண்டோடு நிறுத்தியவர்கள் நிலம்தான் இன்று முன்னைவிட அடர்ந்து கிடக்கிறது. கண்மாய்க் கரை மீதுள்ள மரங்களை மழைக்கு முன்னால் பெயர்க்காதீர்கள், கரை உடையும். காற்றின் ஈரத்தை உறிஞ்சுகிறது என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை. ஆழவேரும் அடர்த்தியும் போதும், பழிசுமத்த வேறு காரணம் வேண்டாம்.

எடுத்த இடத்தில் உடையையே வையுங்கள். உலையில் கொதித்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி விதைமேல் ஊற்றி, ஆறியபின் ஓர் இரவு அதிலேயே ஊறவிடுங்கள். ஊதிப் பருத்தவற்றை மட்டும் விதையுங்கள். பருக்காததற்கு மறுபடி வெந்நீர். அடுப்பிலேயே வைத்துக் கொதிக்கவிட்டால் வெந்துவிடும். ஒரு முழ நீளப் பாலித்தீன் பையில், ஆற்றுமணலும் ஊர்மண்ணும் சரிபாதி. சின்னப் பையில் ஆணிவேர் சுருண்டு, நட்டபின் கோடையில் பட்டுப்போகும். ஐப்பசி மழையில் ஐந்து மீட்டர் இடைவெளியில் நடுங்கள். உப்பு பூத்துக் கிடக்கும் தாழ்ந்த பகுதியில் உடை வராது. அங்கே உகாய், அதற்கும் கீழே தானாக முளைக்கும் உமரியை அப்படியே விட்டுவிடுங்கள். முதல் இரண்டு கோடைக்கு ஆடு தாண்டாமல் அடைப்பு வேண்டும். வெட்டிய சீமைக் கருவேல முள்ளையே நெற்று உதிர்த்துவிட்டு வேலியாகப் போடலாம், செலவில்லை.